பதவியை நாடுவது பாவமா?



தானாகவே முன்வந்து வாக்குக் கேட்பவன் தாழ்ச்சிக்கு விரோதமாக நடக்கிறானா?

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் உண்டு. இரண்டு வருடப் படிப்பும் தொழிற்கல்வியும் குறைந்த செலவில் அங்கே கிடைக்கும். பல இடங்களில் அவற்றின் நிர்வாகக் குழுவை ஊர் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1969-ல் ஏழு இடங்களுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் போட்டியிட்டனர். முதலாவதாக வந்தவர் ஜெர்ரி பிரவுன். முன்னாள் கவர்னரின் மகன், சேசு சபை நவசந்நியாசத்தில் சில வருடங்கள் இருந்தவர். 1975-ல் அவரே கலிபோர்னியா கவர்னரானார். அப்படியானால் கல்லூரிக் குழு வெறும் ஏணிப்படிதானா? பிறர் உள்ளத்தைத் தீர்ப்பிடுவது நம் வேலையல்ல. நம் உள்ளத்தைச் சோதிப்போம்.

மகிமையை முறைகேடாக விரும்புவதே பாவம் என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ்: தகுதிக்கு மீறி விரும்புவது, சர்வேசுரனை மறந்து விரும்புவது, பிறர் நன்மையை மறந்து விரும்புவது. தாழ்ச்சி என்பது தாலந்தை மண்ணில் புதைப்பதல்ல. தகுதியுள்ளவன் ஒதுங்கினால் தகுதியற்றவன் அமருவான். நஷ்டம் ஏழை மாணவனுக்கே.

ஆகையால் தேர்தலுக்கு நிற்க நினைப்பவன் தன் மனச்சாட்சியைக் கேட்கட்டும்: இதற்குமேல் வேறு பதவி கிடைக்காது என்று தெரிந்தாலும் நிற்பேனா? என்னிலும் தகுதியுள்ளவன் வென்றால் சந்தோஷப்படுவேனா? இரண்டுக்கும் ஆம் என்றால், தயங்காமல் நிற்கலாம்.