கருக்கலைப்பு உரிமை: உடன்படிக்கைகள் சொல்வதும் சொல்லாததும்

கருக்கலைப்பு பெண்ணின் மனித உரிமை, அதைச் சர்வதேசச் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்கிறது ஒரு தரப்பு. அப்படியோர் உரிமை எங்குமே எழுதப்படவில்லை என்கிறது மறுதரப்பு. 2020 அக்டோபரில் அமெரிக்கா, பிரேசில், எகிப்து, ஹங்கேரி, இந்தோனேசியா, உகாண்டா ஆகிய நாடுகள் முன்னின்று வெளியிட்ட ஜெனீவா பிரகடனம் இதைத்தான் அழுத்திச் சொன்னது. இரண்டுமே அவரவர் வசதிக்கான பாதி உண்மைகள். ஐ.நா.வின் மனித உரிமை உடன்படிக்கைகள் எதிலும் 'கருக்கலைப்பு' என்ற சொல் கிடையாது. ஆனால், பெண்ணுக்குக் கருக்கலைப்பை மறுத்த அரசுகள் அதே உடன்படிக்கைகளை மீறியதாகத் தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன.

முதலில், குறுக்கே நிற்பதாகச் சொல்லப்படும் வாதத்தைப் பார்த்துவிடலாம். கருவுக்கும் முழு உயிர்வாழும் உரிமை உண்டென்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு, ஒவ்வொரு மனிதருக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு என்கிறது. இந்தப் பிரிவை எழுதிக்கொண்டிருந்தபோது, 1957இல், 'கருத்தரித்த கணத்திலிருந்து' என்று சேர்க்கும்படி பெல்ஜியம், பிரேசில், எல் சால்வடோர், மெக்சிகோ, மொராக்கோ ஆகிய ஐந்து நாடுகள் கேட்டன. வாக்கெடுப்பில் அது தோற்றது. ஆகவே உடன்படிக்கை கருவை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கேட்டு, விவாதித்து, வேண்டாமென்று விட்ட விஷயம் அது.

அமெரிக்கக் கண்டத்தின் கதை வேறு. 1969ஆம் ஆண்டின் அமெரிக்க மனித உரிமை ஒப்பந்தம், உயிர்வாழும் உரிமை 'பொதுவாக, கருத்தரித்த கணத்திலிருந்து' காக்கப்பட வேண்டும் என்றே எழுதிவைத்திருக்கிறது. கருவின் பக்கம் நிற்பவர்களுக்கு இதைவிட வலுவான வரி சர்வதேசச் சட்டத்தில் இல்லை. ஆனால் அந்தப் 'பொதுவாக' சும்மா வந்து உட்கார்ந்த சொல் அல்ல. கண்டத்தின் பல நாடுகள் குறிப்பிட்ட சூழல்களில் கருக்கலைப்பை ஏற்கெனவே அனுமதித்திருந்தன. அவற்றையும் ஒப்பந்தத்துக்குள் வைத்துக்கொள்ளவே அது சேர்ந்தது என்று அப்பகுதியின் மனித உரிமை ஆணையம் 1981இல் விளக்கியது. பிறகு, சோதனைக்குழாய்க் கருவுறுதலுக்கு கோஸ்டா ரிகா விதித்திருந்த தடையை எதிர்த்த வழக்கில், 2012இல், அமெரிக்க மனித உரிமை நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: கரு அந்த ஒப்பந்தத்தின் பொருளில் 'நபர்' அல்ல, அதற்கான பாதுகாப்பு வளர்ச்சிக்கு ஏற்பப் படிப்படியாகக் கூடுவது, முற்றானதல்ல.

1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் முகவுரையில் 'பிறப்புக்கு முன்னும் பின்னும்' பாதுகாப்பு என்று வருகிறது. அது முகவுரையோடு சரி. குழந்தை யார் என்று வரையறுக்கும் 1ஆம் பிரிவு தொடக்கப் புள்ளியைச் சொல்லாமல் விட்டுவிட்டது. கருத்தரிப்பிலிருந்தே குழந்தைதான் என்று அர்ஜென்டினாவும், உயிரோடு பிறந்த பிறகே குழந்தை என்று பிரிட்டனும் தத்தம் விளக்கத்தை எழுதிக்கொடுத்தே உடன்படிக்கையை ஏற்றன.

சரி, தடை இல்லை என்பதாலேயே உரிமை வந்துவிடுமா? வராது. அது வந்த வழியைக் காட்டுவது பெருவின் வழக்கு. 2001இல் லிமா நகரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் வயிற்றிலிருந்த கருவுக்கு மூளை வளரவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் பிழைக்காது. தாயின் உயிரையோ உடல்நலத்தையோ காக்கக் கருவைக் கலைக்கலாம் என்று பெருவின் குற்றவியல் சட்டமே சொல்கிறது. அரசு மருத்துவமனையோ மறுத்துவிட்டது. அவள் பெற்றாள், குழந்தைக்குப் பால் கொடுத்தாள், நான்கு நாளில் அது இறந்தது. கடும் மனச்சோர்வில் விழுந்தாள். வழக்கு, 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனது. ஆவணங்களில் அவள் பெயர் கே.எல். மட்டும். 2005இல் குழு சொன்ன முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'கருக்கலைப்பு உரிமை' மீறப்பட்டது என்று அது சொல்லவில்லை. கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்துமுறைக்கு ஆளாகாத உரிமை, அந்தரங்க உரிமை, சிறார் என்ற முறையில் பெற வேண்டிய பாதுகாப்பு ஆகியவை மீறப்பட்டன என்றது. இழப்பீடு அவள் கைக்கு வரப் பத்தாண்டுகள் ஆயின.

இந்த முடிவை, 'உள்நாட்டுச் சட்டம் ஏற்கெனவே கொடுத்ததை மருத்துவமனை மறுக்கக் கூடாது' என்று குறுக்கியும் படிக்கலாம். சட்டமே தடுத்தால் என்ன செய்வது? அதற்கான விடை அயர்லாந்திலிருந்து வந்தது. பிழைக்க வாய்ப்பில்லாத கருவைச் சுமந்த ஒரு பெண் லிவர்பூலுக்குப் போய்க் கலைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அயர்லாந்து தன் சட்டப்படிதான் நடந்தது. ஆனால் உள்நாட்டுச் சட்டப்படி நடந்தோம் என்பது கொடுமைக்குச் சமாதானம் ஆகாது என்று 2016இல் குழு தீர்மானித்தது. இரண்டே ஆண்டுகளில் பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் கருக்கலைப்புக்கு இருந்த அரசியலமைப்புத் தடையை நீக்க வாக்களித்தனர். அதற்குக் குழுவின் முடிவு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

இப்படி ஒவ்வொரு வழக்காகச் சேர்ந்ததைத்தான் 2018இல் குழு தன் 36ஆம் பொதுக் கருத்துரையில் திரட்டி வைத்தது: தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, வல்லுறவாலோ நெருங்கிய இரத்த உறவினராலோ வந்த கர்ப்பம், பிழைக்காத கரு ஆகிய சூழல்களில் பாதுகாப்பான, சட்டபூர்வமான கருக்கலைப்புக்கு அரசு வழிசெய்தாக வேண்டும். இவற்றுக்கு வெளியே, பெண்கள் ஆபத்தான வழிகளை நாடும்படி சட்டம் தள்ளக் கூடாது. கவனியுங்கள், 'பெண் விரும்பினால் போதும்' என்ற உரிமை இதில் இல்லை. இங்கே உரிமையின் எல்லையைப் போடுவது மறுப்பினால் விளையும் துன்பம்தான். பெண்ணின் முடிவுக்கு இரண்டாம் இடமே. பொதுக் கருத்துரை உடன்படிக்கைக்குச் சமமல்ல என்று அரசுகள் சொல்வதும் சரியே. ஆனால் உடன்படிக்கையை விளக்க அந்த நாடுகளே அமைத்த குழு இது.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இன்னும் தயங்குகிறது. தனிவாழ்க்கைக்கான உரிமைக்குள் கருக்கலைப்பு உரிமை அடங்கியிருப்பதாகக் கொள்ள முடியாது என்று 2010இல் அயர்லாந்து வழக்கில் வெளிப்படையாகவே சொன்னது. சட்டம் அனுமதித்திருந்தால் அதை அடையும் வழியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பதோடு நின்றுகொண்டது. ஒப்பந்த வாசகத்திலேயே துணிந்து எழுதியது ஆப்பிரிக்காதான். 2003இல் மாபுட்டோவில் ஆப்பிரிக்க நாடுகள் ஏற்ற பெண்கள் உரிமை நெறிமுறையின் 14ஆம் பிரிவு, வல்லுறவு, தாயின் உடல்நலம், மனநலம், உயிர் என்று சூழல்களைப் பெயர் சொல்லியே கருக்கலைப்பை அனுமதிக்கச் சொல்கிறது. கென்யாவும் உகாண்டாவும் அந்த வரி தங்களைக் கட்டுப்படுத்தாது என்று எழுதிவைத்துவிட்டே சேர்ந்தன.

எந்தப் பெண் ஐ.நா. மனித உரிமைக் குழுவின் கதவைத் தட்ட முடியும் என்பது தனிக் கேள்வி. அதற்கு அவள் நாடு விருப்ப நெறிமுறை என்ற கூடுதல் ஒப்பந்தத்தையும் ஏற்றிருக்க வேண்டும். இந்தியா 1979இல் உடன்படிக்கையில் சேர்ந்தது. விருப்ப நெறிமுறையில் இன்றுவரை சேரவில்லை. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டமும் உள்நாட்டு நீதிமன்றங்களுமே இந்தியப் பெண்ணுக்கு வழி. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டப்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கும் இலங்கை, 1997இல் விருப்ப நெறிமுறையை ஏற்றது. அப்படி ஏற்றது அரசியலமைப்புக்கு முரணானது என்று, கருக்கலைப்போடு தொடர்பே இல்லாத ஒரு வழக்கில், 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.