ஊரின் உடன்பாடு

ஓர் ஊரில் மதுபானசாலை திறக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? குடித்தல் தகுமா என்னும் வினாவினின்றும் இது வேறானது. அது ஒருவன் தன்னைத்தான் ஆளும் முறைமை பற்றியது. இதுவோ பலர் கூடி வாழும் இடத்தை ஆள்வோர் யாவர் என்பது பற்றியது.

மன்னார் மாவட்டத்தில் ஒரு நகர சபையும் நான்கு பிரதேச சபைகளும் உள்ளன. ஊரின் வீதியும் சந்தையும் துப்புரவும் அவற்றின் பொறுப்பு. ஆயின், மதுபானசாலைக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது நிதி அமைச்சின் கீழுள்ள மதுவரித் திணைக்களமாகும். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டமே இதற்கு அடிப்படை. சபை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். அது வேண்டுகோளேயன்றி முடிபன்று. 2024 டிசெம்பரில் நாடாளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்ட பட்டியலின்படி, அவ்வாண்டில் நாடெங்கும் 361 அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்தன. அவற்றுள் 32 வட மாகாணத்திற்குரியவை. அவை அரசியற் சலுகைகளா என்பது பெருவாதமாயிற்று. அதனினும் அடிப்படையான வினா ஒன்றுண்டு: அயலில் வாழ்வோர் உடன்பட்டனரா?

பேசாலையிலோ தலைமன்னாரிலோ மீனை விற்றுக் காசு பெற்ற ஒருவன், வீட்டை அடையுமுன் மதுக்கடையொன்றைக் கடக்கவேண்டியுள்ளது எனக் கொள்வோம். அக்கடை நிற்கும் இடமே அவ்வீட்டில் அன்று உலை ஏறுமா என்பதைத் தீர்மானித்துவிடலாம். வரி திறைசேரியைச் சேர்கிறது. இழப்போ ஊரிலேயே தங்குகிறது. இழப்பைச் சுமப்போருக்கு முடிவில் இடமில்லாமையே இங்குள்ள அநீதி.

மறுப்போர் தனிமனித சுதந்திரத்தை முன்வைப்பர். 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தமது நூலில் ஜோன் ஸ்ருவாட் மில் மதுவிலக்குக் கோரியோரைக் கண்டித்தார். அயலவனின் ஒழுக்கத்தின் மீது உரிமை கோரத் தொடங்கினால் அதற்கு எல்லையே இராது என அவர் அஞ்சினார். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், குடியை மிகுவிப்பதில் விற்பவனுக்கு நலன் உண்டென்பதையும், அவனைக் கட்டுப்படுத்தலாம் என்பதையும் மில்லே ஒப்புக்கொண்டார். குடிப்பவனின் உரிமை வேறு. விற்பவன் பெறும் அனுமதி வேறு. அனுமதி அளிக்குமுன் அவ்விடத்தாரைக் கேட்பது எவருடைய சுதந்திரத்தையும் பறிப்பதாகாது.

எனினும், ஊர் எந்த நியாயத்தால் மறுக்கலாம்? மன்னாரில் கத்தோலிக்கரும் இசுலாமியரும் இந்துக்களும் அருகருகே வாழ்கின்றனர். மதுவை முற்றாக விலக்கும் மார்க்கமும், திருப்பலியில் திராட்சை இரசத்தைப் புனிதமாகக் கொள்ளும் மரபும் அங்கே அயலவை. ஒரு சமயத்தின் விதியைச் சபையின் விதியாக்குதல் தகாது. பிறருக்கு விளையும் கேடே யாவர்க்கும் பொதுவான நியாயமாதல் வேண்டும். வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தமை ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. ஆட்சியையும் பொதுவாழ்வையும் பேசும் பகுதியே அதற்குரிய இடமெனக் கொண்டார் போலும்.

ஊருக்கு இவ்வுரிமை அளித்தல் புதுமையன்று. தவறணையை வாக்களித்து மூடும் முறை குடியேற்ற ஆட்சிக் காலத்து இலங்கையிலேயே இருந்தது. ஸ்கொத்லாந்தின் மீன்பிடி நகராகிய விக், 1913ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வாக்குரிமையால் 1922 முதல் 1947 வரை மதுக்கடையின்றி இருந்தது. பின்னர் வாக்களித்தே அவற்றை மீண்டும் அனுமதித்தது. தன் முடிவைத் தானே மாற்றவும் ஊர் வல்லது.

பெரும்பான்மையும் தவறலாம். பனையேறும் தொழிலாளியின் பிழைப்பையும் சேர்த்து மூடிவிட்டு, மறைவிற் கசிப்பு பெருகுவதைக் கண்டும் காணாதிருக்கும் ஊர் அறம் செய்ததாகாது. மறுக்கும் உரிமை பெற்றோர் மறுப்பின் விளைவுகளுக்கும் பொறுப்பாளரே.

இன்னும், ஊர் என்பது சபா மண்டபத்தில் அமர்ந்திருப்போர் மட்டுமன்று. மகாராட்டிரத்தில் ஊர்ப் பெண் வாக்காளருள் அரைப்பங்கினருக்கு மேற்பட்டோர் ‘படுத்த போத்தல்’ சின்னத்திற்கு வாக்களித்தால் கடை மூடப்படும் ஏற்பாடு உண்டு. கேட்டினை மிகுதியாகச் சுமப்போரிடமே அங்கு முடிவு ஒப்படைக்கப்படுகிறது.

உள்ளூராட்சி மன்றம் விளக்கேற்றுவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் மட்டும் உரியதாயின் அது நிருவாகமே, ஆட்சியன்று. தன் வீதியில் எது நிற்கலாம் என்பதைச் சொல்லும் உரிமையும், சொன்னதற்குப் பொறுப்பேற்கும் கடமையும் ஒருங்கே அமையும்போதுதான் ஊர் தன்னைத் தான் ஆள்கிறது எனலாம்.