மேடு யாருடையது?

“மேட்டுக்குப் போங்க, மேட்டுக்குப் போங்கன்னு மைக்குல கத்துறாங்க. மேட்ல நமக்கு எங்க கண்ணு எடமிருக்குது?” 2024 ஆகஸ்டில், குமாரபாளையம் காவிரிக் கரையிலிருந்து பள்ளிக்கூட முகாமுக்கு வந்திருந்த ஒரு பாட்டி என்னிடம் கேட்டது இது.

அந்த வருஷம் ஜூன் 12-இல் குறுவைக்கு மேட்டூர் அணையைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் 50 அடிகூட இல்லை. ஜூலை 30-இல் அதே அணை 120 அடியைத் தொட்டது. மேலே கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீர். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால் மழையில்லாத நாட்கள் நீளுது. பெய்தால் மொத்தமாகக் கொட்டுது. இனி இது அடிக்கடி நடக்கும்.

மேட்டூரில் அணை மின்நிலையமும் சுரங்க மின்நிலையமும் சேர்ந்து 250 மெகாவாட். அந்த வழியாகப் போகிற தண்ணீர் 20 ஆயிரம் கன அடி சொச்சம். வந்ததோ லட்சத்துக்கு மேல். மிச்சமெல்லாம் 16 கண் மதகு வழியாக வெளியே. அந்தத் தண்ணி ஒரு பல்பைக்கூட எரிக்காது. ஆற்றோரக் குடிசைக்குள்தான் வரும்.

முன்கூட்டியே அணையில் இடம் விட்டு வைக்கலாமே என்பார்கள். இடம் விட்ட வருஷம் மழை பொய்த்தால்? கரண்டும் இல்லை, டெல்டாவில் நாற்று நடப் போகிற நம் பெண்களுக்குக் கூலியும் இல்லை. நிரப்பினாலும் சூது, காலி செய்தாலும் சூது. ரெண்டிலும் பணயம் நம்ம ஜனம். என்ஜினீயர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆடுகிறவர் ஒருத்தர், தோற்கிறவர் வேறொருத்தர் என்றால் அது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

அணையே வேண்டாம் என்பதல்ல என் வாதம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் இருந்த அம்பேத்கர், வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பல்நோக்கு அணைகளுக்காக நின்றவர்.

ஆனால் ஊரு மேட்டுல, சேரி பள்ளத்துல. இது ஆறு போட்ட கணக்கு இல்ல. அணையில் விட முடியாத காலியிடத்தை நம் வீடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். முகாமில் ரெண்டு நாள் சோறு போட்டு, தண்ணி வடிஞ்சதும் அதே பள்ளத்துக்கு அனுப்புகிறார்கள். சூதைத் தவிர்க்க முடியாதென்றால் பணயத்தையாவது மாற்றணும்: மின்சாரம் விற்ற காசில் மேட்டில் நிலம், பட்டாவோடு.

பாட்டிக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. மைக்கில் கத்தியவர்கள்தான் சொல்லணும்.