பேறுகால அறையில் ஒரு சொல்

கடுஞ்சொல் பாவமா, வெறும் பழக்கமா என்னும் கேள்வியைப் பேறுகால அறைக்குள் கொண்டுசென்று கேட்டுப் பார்க்கலாம். இடுப்பு வலியால் ஓலமிடும் பெண்ணை நோக்கி, 'அன்றைக்கு இனித்ததா? இன்றைக்கு ஏன் கத்துகிறாய்?' என்று ஏசும் குரலைக் கேட்டவர்கள் நம் பங்குகளில் அநேகர். திருமுழுக்குக்குக் குழந்தையை ஏந்திவரும் தாய்மார் சிலர், வலி மறந்துவிட்டது, அந்தச் சொல் மறக்கவில்லை என்று கூறக் கேட்டிருக்கிறேன்.

இந்த ஏச்சுக்குப் பின்னே அரைகுறையான இறையியல் ஒன்று ஒளிந்திருக்கிறது. வலி ஏவாளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை; ஆகவே அதை அனுபவித்தே தீரவேண்டும் என்பது அது. தொடக்க நூலின் அவ்வசனம் வலியைத் தணிக்கும் வழிகளைத் தாய்மாருக்குத் தடை செய்யவில்லை என்று திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1956 ஜனவரி 8 அன்று மருத்துவர்களிடம் தெளிவுபடுத்தினார். அதற்கும் நெடுங்காலம் முன்னரே, நம் ஆண்டவர் தம் இறுதி இரவில் சீடரின் துயரத்தைப் பேறுகாலப் பெண்ணின் துயரத்துக்கு ஒப்பிட்டார். ஏவாளின் குற்றத்தை அங்கே அவர் நினைவூட்டவேயில்லை.

பேறுகாலப் பெண்ணின் அருகில் நிற்பதற்கே நம்மிடையே தடை இருந்ததுண்டு. துறவறச் சகோதரிகள் பேறுகாலம் பார்க்கலாகாது என்பது திருச்சபையின் ஒழுங்காயிருந்தது. வட இந்தியாவில் ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்கள் கவனிப்பின்றி மடிவதைக் கண்ட மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன், அதை மாற்றும்படி உரோமையிடம் மன்றாடினார். 1913-இல் அவர் மறைந்தார். அனுமதி வந்ததோ 1936 பிப்ரவரி 11 அன்றுதான். தூய்மையைக் காக்கவே அத்தடை என்றார்கள். நல்ல சமாரியர் உவமையில் விலகிப் போன குருவுக்கும் இத்தகைய காரணம் ஒன்று இருந்திருக்கக்கூடும். (குருக்களாகிய எங்களுக்கு அவ்வுவமை எப்போதும் சற்று உறுத்தலானது.)

குழந்தையின் இதயத்துடிப்பைத் தவறாது கேட்பதும், பிறப்புக்குப் பின் குருதிப்போக்கைக் கண்காணிப்பதும் செவிலியின் கடமைகள். வலியின் இடைவெளியில் ஒரு மிடறு தண்ணீர் கொடுப்பதும், நெற்றியைத் துடைப்பதும், இடுப்பை நீவிவிடுவதும், இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குச் சொல்வதும் அக்கடமைகளுக்குப் புறம்பான கருணைச் செயல்களா? அல்ல என்பேன். அச்சத்தில் உடல் இறுகும். இறுகிய உடலில் வலி மிகும். ஆறுதல் மொழியும் மருத்துவத்தைச் சேர்ந்ததே.

ஒரே இரவில் பல தாய்மாரைத் தனியாகக் கவனிக்கும் செவிலியின் களைப்பை நான் அறியாமலில்லை. இன்னொருவரை நியமிக்கக் கூடியிருந்தும் நியமிக்காதவர்க்கும் அக்கடுஞ்சொல்லில் பங்கு உண்டு. தாய் விரும்பும் ஒருவர் பேறுகாலத்தில் உடனிருக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. நம் கத்தோலிக்க மருத்துவமனைகளில் இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஒரு திரையும் ஒரு நாற்காலியும் போதும். பெற்ற தாயோ அத்தையோ அங்கே அமர்ந்திருந்தால், முதுகை நீவ ஒரு கை கூடுதலாகக் கிடைக்கும். ஏச வாயெடுப்பவரும் ஒரு கணம் தயங்குவார்.