கேட்பவரின் கடமை

பாடுபவரின் திறமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கேட்பவருக்கு ஏதும் கடமை உண்டா என்று யோசிப்பதில்லை. உண்டு என்றே நான் நினைக்கிறேன். அதற்கு நல்ல சான்று, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982இல் தொடங்கப்பட்ட ‘புளூபேர்ட் கஃபே’. கடைவரிசை ஒன்றில் ஒடுங்கிக் கிடக்கும் அந்த இடத்தில் சுமார் 90 பேர்தான் உட்கார முடியும். கன்ட்ரி, ஃபோக், புளூஸ் ஆகிய வேர்களிலிருந்து வளர்ந்து இன்று ‘அமெரிக்கானா’ எனப்படும் இசையை எழுதுகிறவர்கள் பலர் அங்கே வருகிறார்கள். 1985இல் தொடங்கிய வழக்கப்படி, பல மாலைகளில் மூன்று நான்கு பாடலாசிரியர்கள் கூடத்தின் நடுவில் வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடுவார்கள். சுற்றியுள்ள மேசைகள் கிதாருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். பாட்டு நடக்கையில் பேசக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அந்த நெருக்கத்தில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்தாலும் பாடுபவருக்குத் தெரிந்துவிடும். சமையலிலும் பயணத்திலும் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும் நம் நாட்களில், நாம் கேட்கிறோமா இல்லையா என்பது யாருக்கும் தெரிவதில்லை, நமக்கே தெரிவதில்லை. நம் எதிரில் ஒருவர் மனம் திறக்கும்போது முழுதாக இருந்து கேட்கும் பழக்கத்தையும் அதோடு சேர்த்தே இழந்துவருகிறோம்.

இந்த அமெரிக்கானா இசை அப்படியொரு அமைதியில் பிறந்ததல்லவே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். 1927இல் அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் ‘கார்ட்டர் குடும்பம்’ என்ற கன்ட்ரி இசைக்குழு முதன்முதலாக ஒலிப்பதிவுக்குப் பாடியது; அதற்கு வெகுகாலம் முன்பிருந்து இத்தகைய பாட்டுகள் வீட்டுத் தாழ்வாரத்திலும் தேவாலயத்திலும் வேலையிடத்திலும் சந்தடிக்கு நடுவே வாழ்ந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்த பான்ஜோ என்ற தந்தி வாத்தியம், ஆட்டத்துக்குத் துணையாக ஒலித்தது. ஆனால் அங்கே கூடியவர்களுக்குப் பெரும்பாலும் பாட்டு ஏற்கெனவே தெரியும். ஒரு வரி காதில் விழாவிட்டாலும் வாய் அதைப் பாடிவிடும். சேர்ந்து பாடுவதே அவர்கள் ஆற்றிய கடமை. இன்றைய பாடலாசிரியர் கொண்டுவருவதோ புதிய கதை. டான் ஷ்லிட்ஸ் எழுதி, 1978இல் கென்னி ரோஜர்ஸ் குரலில் புகழ்பெற்ற ‘தி கேம்ப்ளர்’ பாட்டில், இரவு ரயிலில் ஒரு வயதான சூதாடி, உடன் வந்தவருக்குச் சீட்டாட்டத்தின் பெயரால் வாழும் வழியைச் சொல்லிவிட்டு உயிர் விடுகிறார். முதல் வரிகளைத் தவறவிட்டவருக்கு அந்தச் சாவு வெறும் செய்தி. இத்தகைய பாட்டுக்கு மௌனம்தான் கேட்பவர் தரும் கூட்டுக்குரல்.

ஒலித்தட்டு போதாதா என்பது இன்னொரு கேள்வி. பாடலாசிரியரும் பாடகருமான டவுன்ஸ் வான் ஸான்ட் 1973இல் ஹூஸ்டனின் ‘ஓல்ட் குவார்ட்டர்’ என்ற சிறிய மதுக்கூடத்தில் ஒற்றைக் கிதாருடன் பாடியது 1977இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தது. அவருடைய ஸ்டூடியோப் பதிவுகளில் சில, வாத்தியங்களின் சுமையில் அமுங்கியவை. இந்தத் தொகுப்பை உயர்த்துவது, எதிரில் இருந்தவர்கள் கேட்டவிதமும்தான் என்பேன். ஒலித்தட்டே அந்த அறைக்குச் சாட்சி சொல்கிறது. சில பேருக்கு மட்டும் கிடைக்கும் இன்பம் இது என்ற குறையை மறுக்க முடியாது; 90 இருக்கைகளின் வருமானத்தில் நான்கு கலைஞர்கள் குடும்பம் நடத்தவும் முடியாது. கூடத்தைப் பெரிதாக்கினால் முகங்கள் மறைந்துவிடும். சிறிய கூடங்கள் பெருக வேண்டும், அவற்றைக் காக்க ஆள் வேண்டும். அப்படித்தான் 2008இல் புளூபேர்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது நாஷ்வில் பாடலாசிரியர் சங்கம்.