திறமை யாருடைய அமானிதம்?

மறுமையில் மனிதனிடம் கேட்கப்படும் கேள்விகளுள் அவனுடைய உடலைப் பற்றியதும் ஒன்று என்பதை நாம் அறிவோம். அறிவைக் கொண்டு என்ன செய்தாய், பொருளை எவ்வழியில் ஈட்டினாய் என்பவற்றோடு, உடலை எதில் தேய்த்தாய் என்றும் வினவப்படும். ஆயினும் அவ்வினாவைத் தொழுகை, நோன்பு, உழைப்பு என்னும் எல்லைக்குள் நிறுத்திக்கொள்வதே நம் வழக்கம். வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடிக்கும் ஒரு பெண்ணின் தோளுக்கும் அவ்வினாவில் பங்குண்டா? உண்டெனில், நாட்டின் அணிக்கு வேண்டியவளாக இருக்கும் இளமையிலேயே அவள் விலகி வீடு திரும்பும்போது, பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார்? அவள் ஒருத்தி மட்டும்தானா?

இதற்கு ஆயத்தமாக இரண்டு விடைகள் வைத்திருக்கிறோம். 'அவளுக்கு உறுதி போதவில்லை' என்பது ஒன்று. 'பெண்தானே, இவ்வளவு போதும்' என்பது மற்றொன்று. முதல் விடை அவளைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது விடை கேள்வியையே புதைத்துவிடுகிறது. இரண்டும் நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதால்தான் நமக்கு இனிக்கின்றன போலும்.

புதுவையை அடுத்த நம் உழவர்கரை, பெயரிலேயே உழவரைச் சுமந்து நிற்கும் ஊர். வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்ட இந்நாளிலும் நாற்றங்கால் என்றால் என்னவென்று இங்குள்ள முதியோர்க்கு விளக்க வேண்டியதில்லை. விதைத்து, நீர் பாய்ச்சி, பசுமையாக வளர்த்த நாற்றை உரிய நாளில் பறித்து நட வேண்டும். நடுவதற்கு வயல் இல்லாவிட்டால் நாற்று முற்றிப்போகும். அது நாற்றின் குற்றமாகாது. பள்ளி மைதானங்களில் மாலைதோறும் கைப்பந்து ஆடும் சிறுமியர் நம் கண்முன் வளரும் நாற்றுகள். அவர்களை வளர்க்க ஆசிரியர்கள் உண்டு. பரிசளிக்க விழாக்கள் உண்டு. பிடுங்கி நடும் வயலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்தியப் பெண்கள் கைப்பந்தின் நிலையை நோக்கின் இது தெளிவாகும். கேரளத்தின் கே. சி. ஏலம்மா 1975 ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்ற காலத்திலிருந்தே இந்நாட்டில் இவ்வாட்டத்துக்குத் திறமைப் பஞ்சம் இருந்ததில்லை. எனினும் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை நம் பெண்கள் அணி ஒருமுறையும் அவ்வரங்கில் ஆடியதில்லை. நல்ல வீராங்கனைக்கு இங்குக் கிடைக்கும் பெரும்பேறு, விளையாட்டு ஒதுக்கீட்டில் இரயில்வேயிலோ, மின்வாரியத்திலோ, காவல் துறையிலோ ஓர் அரசுப் பணி. அதைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஓர் ஏழைக் குடும்பத்தை அது கரையேற்றுகிறது. ஆனால் பணி கிடைத்ததும் ஆட்டத்தின் பயன் முடிந்துவிட்டதாக வீடும் ஊரும் கருதிவிடுகின்றன. 2019 இலும் 2022 இலும் பெரும் பொருட்செலவில் தொடங்கிய தொழில்முறைக் கைப்பந்துப் போட்டிகள் இரண்டும் ஆடவர்க்கென்றே அமைந்தன. ஆக, இருபது வயதுப் பெண் தன் எதிரே பார்க்கும் வழி மிகக் குறுகியது. குறுகிய வழியில் நடப்பவர் விரைவில் முடிவை அடைவதில் வியப்பென்ன?

விலகுதல் எல்லாம் ஒரு தன்மையது அன்று. அதை மூவகையாகப் பிரித்தறிவது நலம்.

முதலாவது, தானே விரும்பி விலகுதல். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் வீராங்கனை ஆஷ் பார்ட்டி 2022 மார்ச்சில், உலகின் முதலிடத்தில் இருந்தபோதே, இருபத்தைந்து வயதில் ஓய்வை அறிவித்தார். வென்றது போதும் என்று உள்ளம் நிறைந்து விலகியவரை நாம் ஏன் என்று கேட்பதற்கில்லை.

இரண்டாவது, வெளியேற்றப்படுதல். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராசன், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. செங்கற்சூளை வேலைக்குப் போகும் வறுமைக் குடும்பத்தில் தோன்றிய அப்பெண், உலகத்தின் முன் நாணி நிற்கும்படி செய்யப்பட்டார். அத்துடன் அவருடைய ஓட்டம் நின்றது.

மூன்றாவது வகையே மிக நுட்பமானது. அங்கே எவரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதில்லை. கதவுகள் மட்டும் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். இறுதியில் அவள் தானே எழுந்து போகிறாள். 'அவளாகத்தான் போனாள்' என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற சாக்ஷி மாலிக், 2023 டிசம்பர் 21 அன்று தம் காலணிகளை மேசைமீது வைத்துவிட்டுக் கண்ணீருடன் விலகினார். சம்மேளனத் தலைவர்மீது வீராங்கனையர் கூறிய பாலியல் தொல்லைப் புகாருக்காக அவ்வாண்டு முழுதும் போராடியவர் அவர். அத்தலைவருக்கு நெருங்கியவரே அடுத்த தலைவராகத் தேர்வான நாளில் அவர் விலகினார். அவரை நீக்கி எந்த ஆணையும் பிறக்கவில்லை. அதனால் அது அவர் விருப்பம் என்று கூறிவிட முடியுமா?

இம்மூன்றாம் வகையின் ஆழத்தைக் கைப்பந்தின் வரலாற்றிலேயே காணலாம். பெண்களுக்கான குழு ஆட்டங்களுள் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்றது கைப்பந்து. ஆண்டு 1964, இடம் டோக்கியோ. அவ்வாண்டு அக்டோபர் 23 அன்று சோவியத் அணியை 3-0 என்று வென்று ஜப்பானியப் பெண்கள் தங்கம் பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒசாகாவை அடுத்த கைசூகா நூற்பாலையின் ஊழியர்கள். பகலில் அலுவல், பின்னர் நள்ளிரவு வரை பயிற்சி. பயிற்சியாளர் தைமட்சுவின் கடுமை உலகறிந்தது. 1962 இல் மாஸ்கோவில் உலகப் பட்டம் வென்றபோதே விலகி மணம்புரிந்துகொள்ள அப்பெண்கள் விரும்பினர். நாடே வேண்டிக்கொண்டதால் மேலும் இரண்டாண்டு பொறுத்தனர். தலைவி கசாய் மசாயேவுக்கு ஒலிம்பிக்கின்போது வயது முப்பத்தொன்று. அக்காலத்து ஜப்பானில் மணப்பருவம் கடந்தவராக அவர் எண்ணப்பட்டார். 1965 இல் அவருக்கு மணமகனைத் தேடித் தந்தவர் அந்நாட்டுப் பிரதமர் சாட்டோ!

இந்நிகழ்ச்சியைப் பலர் சுவையான செய்தியாகச் சொல்லி மகிழ்வர். நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரு நாடு ஒரு பெண்ணிடம், 'எங்களுக்காக உன் இல்வாழ்வைத் தள்ளிவை' என்று கேட்கிறது. அவள் தள்ளிவைக்கிறாள். அதற்குரிய கடன் தன்மேல் இருப்பதை அந்நாடு உணர்ந்ததால்தான் பிரதமரே மாப்பிள்ளை பார்க்க நேர்ந்தது. ஆட்டமும் இல்வாழ்வும் இணைந்திருக்க வழி செய்திருந்தால் அக்கடனே பிறந்திராது. பின்னர் அந்நாடு அதையும் ஓரளவு கண்டுகொண்டது. இல்லத்தரசியர் ஆடும் 'மாமாசான்' கைப்பந்துக்கு 1970 முதல் நாடு தழுவிய போட்டி நடைபெறலாயிற்று. திருமணம் என்பது ஆடுகளத்தின் மதிற்சுவராக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

சான்று நமக்கு அண்மையிலும் உண்டு. சென்னையைச் சேர்ந்த கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை, பதின்பருவம் முடியுமுன்னே இந்திய அணியின் தலைமையை ஏற்றவர். தாயான பின்னும் களத்துக்குத் திரும்பியவர். 2021 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஒரு குடும்பம் தோள் கொடுத்தால் எவ்வளவு நெடிய வாழ்வு கைகூடும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இனி நம் குடும்பங்களுக்கு மிக நெருக்கமான உடை பற்றிய கேள்விக்கு வருவோம். இதில் இரு பக்கத்துக் கதவுகளையும் நேர்மையுடன் பார்த்தாக வேண்டும். 'அந்த உடையில் ஆடுவதா?' என்று வீடு ஒரு கதவைச் சாத்துகிறது. 'இந்த உடையில்தான் ஆட வேண்டும்' என்று விளையாட்டு மன்றம் மறு கதவைச் சாத்துகிறது. நடுவில் நிற்பவள் பெண். கடற்கரைக் கைப்பந்தில் பெண்களுக்கு இருந்த உடைக் கட்டுப்பாட்டை உலகச் சம்மேளனம் 2012 இல் தளர்த்தியது. அதன் விளைவாக 2016 ரியோவில் எகிப்தின் துஆ அல்கோபாஷி முழுக்கைச் சட்டையும் நீள்காற்சட்டையும் தலைமறைப்பும் அணிந்து ஆடினார். விதி ஒன்று அகன்றதும் ஒரு பெண் உள்ளே வந்தாள். மாறாக, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அரசு தன் நாட்டு வீராங்கனைகளுக்கு மட்டும் தலைமறைப்பைத் தடை செய்தது. பிற நாட்டார் அணிந்து ஆடிய அதே அரங்கில் அந்நாட்டுக் குடிமகளுக்கு அது மறுக்கப்பட்டது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது நம் புதுவை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் இங்குப் பல வீடுகளில் உண்டு. ஆகவே இச்செய்தி நமக்கு அயலார் செய்தி அன்று.

ஆயினும் பிரான்ஸைக் குறை கூறும் நா, நம் வீட்டுக் கதவைப் பற்றியும் பேச வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், முதலில் அன்னையார் முந்தியதையும், பின்னொரு காலம் நாயகம் முந்தி அதற்கு இது ஈடு எனப் புன்முறுவலுடன் கூறியதையும் ஹதீஸ் நூல்களில் ஓதிக்கொடுத்தே வருகிறோம். ஓதும்போது மகிழ்கிற நாம், நம் மகள் ஓட விரும்பினால் முகம் சுளிப்பது ஏன்? ஒழுக்கமும் மறைப்பும் பேணப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவற்றைப் பேணியவாறு ஆடுவதற்கான இடத்தையும் நேரத்தையும் பெண் பயிற்சியாளரையும் ஏற்படுத்தித் தருவதைவிட, வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது என்பதே உண்மை.

'மனைவி, தாய் என்னும் நிலைகள் பந்தாட்டத்தினும் மேலானவை அல்லவா?' என்று சிலர் கேட்பர். மேலானவைதாம், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கணவன், தந்தை என்னும் நிலைகளும் மேலானவையே. அவற்றுக்காக எந்த வீரனிடமும் பந்தைக் கீழே வைக்கச் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை. மேலும் நிக்காஹ் என்பது பெண்ணின் இசைவின்மேல் நிற்பது. இசைவின்றித் தந்தை செய்துவைத்த மணத்தைப் பற்றிக் கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, பெருமானார் அம்மணத்தைச் செல்லாததாக்கினார்கள். இசைவு என்பது 'கபூல்' என்னும் ஒரு சொல்லோடு முடிவதா? அவள் எதைக் கைவிட வேண்டியிருக்கும் என்பதை முன்னரே அறிந்து இசைவதே முழுமையான இசைவாகும்.

இவ்விடத்தில் ஓர் அரபுச் சொல்லை நினைவுகூர்வோம். அமானத் என்னும் சொல்லை நம் முன்னோர் 'அமானிதம்' என்று தமிழாக்கிக்கொண்டனர். அச்சொல்லும், அச்சமின்மையைக் குறிக்கும் 'அம்ன்' என்னும் சொல்லும், 'ஈமான்' என்பதும் ஒரே வேரில் கிளைத்தவை. இதில் அரிய பாடம் ஒன்று உள்ளது. அச்சமற்ற இடத்தில்தான் அமானிதம் தங்கும். திறமை இறைவன் தந்த அமானிதம், அதை வீணாக்காதே என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை கூறும் உரிமை, அவளுக்கு அம்னைத் தந்தவர்க்கே உண்டு. பயிற்சி முகாமில் பாதுகாப்பு, காயமுற்றால் மருத்துவம், மணமான பின்னும் மதிப்பு, நாளைக்கு ஒரு பிழைப்பு ஆகிய இவற்றைத் தராமல் தியாகத்தை மட்டும் கேட்பது, பூட்டில்லாத பெட்டியில் பொருளை வைத்துவிட்டுக் காவலாளியைக் கடிந்துகொள்வதை ஒக்கும்.

மற்றொன்றும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. அமானிதத்தின் உரிமையாளன் இறைவன்; பொறுப்பாளி அவள். தேசமோ, தந்தையோ, கணவனோ அதற்கு உடையவர் அல்லர். ஆகையால் அவளைக் கட்டாயப்படுத்தி ஆட வைப்பதும் பிழை. கட்டாயப்படுத்தி நிறுத்துவதும் பிழை. தன் உள்ளத்தை ஆராய்ந்து, தூய நிய்யத்துடன் அவள் விலகுவாளாயின் அது துரோகம் ஆகாது. அம்முடிவு உண்மையிலேயே அவளுடையதாக இருந்ததா என்பது ஒன்றே கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் கதவுகளின் அருகே நின்றிருந்த நாம்.

ஆதலின் பெற்றோரே, பெண் கேட்டு வருவோரிடம் நகையையும் வேலையையும் பேசும் அவையில், 'எங்கள் மகள் ஆடுகிறாள். மணத்துக்குப் பின்னும் ஆட விரும்பினால் உங்கள் நிலை என்ன?' என்ற ஒரு கேள்வியையும் கூசாமல் கேளுங்கள். ஜமாஅத்துப் பெரியோர்களே, பெண் பிள்ளைகள் அச்சமின்றி ஆடத்தக்க ஓர் இடத்தை நம் பள்ளிக்கூடங்களில் உண்டாக்குங்கள். ஒருவேளை அவள் களைத்தோ, காயமுற்றோ, மனம் நிறைந்தோ வீடு திரும்பினால், ஏன் விட்டாய் என்று கேட்காமல் அவளை அமரச் செய்து, முதலில் ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். காரணத்தை அவள் தானாகவே சொல்வாள். அதைக் கேட்கும் பொறுமை நமக்கு இருந்தால், அடுத்த பெண்ணுக்காக எந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.