சாமிக்கு ஓட்டு உண்டா?

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்காவில் வாக்குச்சாவடிகள் திறப்பதற்கு முன்பே துளசேந்திரபுரத்தில் தர்ம சாஸ்தாவுக்கு அபிஷேகம் முடிந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கத்துச் சின்ன ஊர் அது. அதிபர் பதவிக்கு நின்ற கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலன் பிறந்த இடம். அதே தேர்தலுக்காக ஆந்திரத்தில் வட்லூர் என்ற கிராமத்திலும் பூசை போட்டார்கள். எதிரணியில் துணை அதிபர் பதவிக்கு நின்ற ஜே.டி. வான்ஸின் மனைவி உஷாவின் முன்னோர் ஊர் அது. அங்கே கேட்டது அந்த அணியின் வெற்றியை. இரண்டு ஊருக்கும் இந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது வேடிக்கைச் செய்தி. எனக்கு அது நாள் கணக்கில் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போட்டு முடிவாகிற காரியத்தில் சாமியிடம் நாம் என்னதான் கேட்கிறோம்?

மழை வேண்டும் என்று கேட்கலாம், மேகத்துக்கு அபிப்பிராயம் கிடையாது. காய்ச்சல் இறங்கக் கேட்கலாம். தேர்தல் வெற்றியைக் கேட்டால், பென்சில்வேனியாவில் முகம் தெரியாத பல்லாயிரம் பேர் யோசித்து எடுத்த முடிவை, அவர்களுக்கே தெரியாமல் திருப்பிவிடு என்றல்லவா கேட்கிறோம்? அதை ஒரு மனிதன் செய்தால் ஜெயில்.

இதை மன்னார்குடியில் இருக்கும் என் அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். “நம்ம ஊர்ப் பொண்ணுக்கு நீயும் ஒரு விளக்கு ஏத்துடி” என்றுதான் பேச்சு ஆரம்பித்தது.

“நான்தான் ஓட்டே போட்டுட்டேனே அத்தை, விளக்கு எதுக்கு?”

“ஓட்டு ஒண்ணுதானே போட்ட?”

2010-ல் கமலா கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றபோது, சென்னையில் இருந்த சித்தியிடம் தேங்காய் உடைக்கச் சொன்னதும், அவர் பெசன்ட் நகரில் 108 தேங்காய் உடைத்ததும் பத்திரிகைகளில் வந்த கதை. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த முக்கால் சதவீதம் தேங்காயால் வந்தது என்று அத்தை சொன்னால் மறுக்க என்னிடம் புள்ளிவிவரம் இல்லை.

நான் இருப்பது வெஸ்ட் வின்ட்சரில். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையம் எங்கள் ஊர் எல்லைக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் விதர்ஸ்பூன் தெருவை ஒட்டிப் பிரின்ஸ்டன் கல்லறைத் தோட்டம். மரமும் நிழலுமாக நடப்பதற்குத் தோதான இடம். (கல்லறையில் வாக்கிங் போகும் தமிழச்சி உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்பார் என் கணவர். திரும்பி வந்ததும் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழைய வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.) என் கேள்விக்குச் சம்பந்தப்பட்ட மூன்று பேர் அங்கே படுத்திருக்கிறார்கள்.

முதல் ஆள் ஜோனதன் எட்வர்ட்ஸ். அமெரிக்க மண்ணில் தோன்றிய பெரிய இறையியலாளர். 1758-ன் தொடக்கத்தில் இங்கே கல்லூரித் தலைவராக வந்தார். அம்மை குத்திக்கொண்டதில் மார்ச் மாதமே இறந்துபோனார். மனித விருப்பத்தின் சுதந்திரம் பற்றி 1754-ல் அவர் எழுதிய நூலின் வாதம் சாமர்த்தியமானது. நீ விரும்பியதைச் செய்கிறாய், அந்த அளவில் நீ சுதந்திரமானவன். ஆனால் எதை விரும்புவாய் என்பது உன் கையில் இல்லை, அது கடவுளின் ஏற்பாட்டில் முன்பே தீர்ந்தது. இந்தக் கணக்குப்படி வாக்காளர் ஏமாற்றப்படவும் இல்லை, கடவுள் விலகி நிற்கவும் இல்லை. அத்தையின் விளக்கும் செல்லும், என் ஓட்டும் செல்லும். எனக்கு இது சௌகரியமான பதிலாகத் தோன்றுகிறதே தவிர, சரியான பதிலாகத் தோன்றவில்லை. யார் ஜெயித்தாலும் பொருந்துகிற விளக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திருக்குறளில் ஊழ் 38-ஆம் அதிகாரம், அதை அடுத்து 39-இல் அரசன் வந்துவிடுகிறான். அந்த அரசனிடம் வள்ளுவர் எதிர்பார்ப்பது சோம்பலின்மை, படிப்பு, துணிச்சல் போன்றவற்றை; ஜாதகத்தை அல்ல.

எட்வர்ட்ஸின் மகள் வயிற்றுப் பேரன் ஆரன் பர், அவரும் அங்கேதான் இருக்கிறார். 1800 தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சனுக்கு 73 தேர்வாளர் ஓட்டு, பர்ருக்கும் 73. இருவரும் ஒரே கட்சி. பர் துணை அதிபராக வர வேண்டியவர். அன்றைய விதியில் இரண்டு பதவிக்கும் தனித்தனி ஓட்டு இல்லாததால் வந்த வினை. அந்தத் தேர்தலில் பாதிரியார்கள் பலர் ஜெஃபர்சனை நாத்திகர் என்று துண்டுப்பிரசுரம் போட்டார்கள். அவருக்குப் போடும் ஓட்டு கடவுளுக்கு எதிரான ஓட்டு என்று பிரசங்கம் செய்தார்கள். சமநிலையைத் தீர்க்கப் பிரதிநிதிகள் சபை 1801 பிப்ரவரி 11 முதல் 17 வரை திரும்பத் திரும்ப வாக்கெடுத்தது. 36-ஆவது சுற்றில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்த்தது எது? டெலவேரின் ஒரே உறுப்பினர் ஜேம்ஸ் பேயர்ட் பர்ரைக் கைவிட்டதுதான். நாடு தலைவன் இல்லாமல் போய்விடுமோ என்ற பயமும், பர்ரை நம்பாதீர்கள் என்று அலெக்சாண்டர் ஹாமில்டன் எழுதித் தள்ளிய கடிதங்களும் அதற்குப் பின்னால் இருந்தன. ஜெஃபர்சன் பதவியேற்றார், கடவுள் நாட்டை விட்டுப் போனதாகத் தெரியவில்லை. 1804-ல் இதே நியூ ஜெர்சியில், வீஹாக்கனில், பர் ஹாமில்டனைச் சுட்டார். மறுநாள் ஹாமில்டன் இறந்தார்.

மூன்றாவது ஆள் குரோவர் கிளீவ்லாண்ட். எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான், அவருடைய அரசியலுக்காக அல்ல, அவருக்கு நடந்தவற்றுக்காக. பாதிரியாரின் மகன். 1884-ல் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, எதிர் வேட்பாளர் ஜேம்ஸ் பிளெயினை ஆதரிக்க நியூயார்க் ஓட்டல் ஒன்றில் பாதிரியார்கள் கூடினார்கள். சாமுவேல் பர்ச்சர்ட் என்ற பாதிரியார் சொன்னார்: ஜனநாயகக் கட்சி குடிகாரர்கள், கத்தோலிக்கர்கள், கலகக்காரர்கள் ஆகியோரின் கட்சி என்று. பிளெயின் பக்கத்திலேயே இருந்தும் மறுக்கவில்லை. ஐரிஷ் கத்தோலிக்கர்கள் கொதித்துப்போனார்கள். நியூயார்க் மாநிலம் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் கிளீவ்லாண்டுக்குப் போனது, அதோடு அதிபர் பதவியும் போனது. கடவுளின் பிரதிநிதிகள் கூடி ஆசீர்வதித்தவர் அவர்களாலேயே தோற்றார் என்று ஊரில் பேச்சு.

நான்கு வருடம் கழித்து கிளீவ்லாண்டுக்கு நாடு முழுவதும் ஏறத்தாழ 90,000 ஓட்டு அதிகம் விழுந்தது. ஆனாலும் தேர்வாளர் கணக்கில் 233-க்கு 168 என்று பெஞ்சமின் ஹாரிசனிடம் தோற்றார். ஹாரிசன் தேவாலயத்தில் மூப்பர், பக்திமான். வெற்றி இறைவன் கொடுத்தது என்று அவர் கட்சித் தலைவர் மேத்யூ குவேயிடம் நெகிழ்ந்து சொன்னாராம். குவே வெளியே வந்து ஒரு பத்திரிகையாளரிடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு: இதில் இறைவனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, இந்த மனிதரை அதிபராக்க எத்தனை பேர் சிறை வாசல் வரை போய்வர வேண்டியிருந்தது என்பது இவருக்குத் தெரியவே தெரியாது என்று. இண்டியானாவில் காசுக்கு வாங்கிய ஓட்டுகளை ஐந்து ஐந்து பேராகக் கூட்டிப்போய்ப் போட வைக்கும் திட்டம் அம்பலமான தேர்தல் அது. திருமங்கலம் ஃபார்முலா என்று நாம் பெருமையாகவோ வெட்கமாகவோ சொல்லிக்கொள்வதற்கு நூற்றாண்டுக்கும் மேல் மூத்த சரக்கு.

இறைவனுக்கு நன்றி சொல்கிற வேட்பாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குவே ஞாபகம் வருகிறார். அந்த நன்றியில் பணிவு இருப்பது போலத் தெரியும். ஆனால் உழைத்தவனுக்குச் சேர வேண்டிய பெருமையும் போகிறது, தில்லுமுல்லு செய்தவன் மேல் விழ வேண்டிய பழியும் போகிறது. தோற்றவனுக்கு ஓட்டுப் போட்ட பாதிப் பேர் கடவுளுக்கு எதிராகப் போட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

முடிவைச் சாமியிடம் விடத்தான் வேண்டும் என்றால் அதற்கு நேர்மையான வழி உத்திரமேரூரில் இருந்தது. முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, விவரமாகச் சொல்கின்றன. 30 குடும்பு; நிலம், வயது, கல்வி என்று தகுதி; ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அங்கே யார் மனத்தையும் திருப்ப வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் இது நடக்கிறது. வர்ஜீனியாவில் 2017 சட்டமன்றத் தேர்தலில் ஒரு தொகுதியில் இருவருக்கும் சரியாக 11,608 ஓட்டு. 2018 ஜனவரியில் ஒரு கிண்ணத்திலிருந்து சீட்டு எடுத்து முடிவு செய்தார்கள். சாமியைக் கூப்பிட அதுதான் இடம். எண்ணிப் பார்த்தே முடிவு செய்வது என்று மனிதர்கள் ஒப்புக்கொண்ட பிறகு அவரை உள்ளே இழுப்பது எனக்கு அழுகுணி ஆட்டமாகத் தெரிகிறது.

முடிவு வந்ததும் அத்தையைக் கூப்பிட்டு, சாஸ்தா கேட்கவில்லையே என்று கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன். “அவரை ஏன்டி இழுக்கற? போடாதவங்க உங்க ஊர்க்காரங்க. போய் அவங்களைக் கேளு” என்றார். அன்று காலை வரை நான் பேசிக்கொண்டிருந்த கட்சிக்கு அத்தை வந்துவிட்டார். கேட்கவும் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் முட்டை விலை என்றார். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் எனக்கு முன்னால் அர்ச்சனைச் சீட்டு வாங்கிய குஜராத்தி அம்மா எல்லைப் பாதுகாப்பு என்றார்.

லிங்கன் 1865 மார்ச்சில் இரண்டாம் முறை பதவியேற்றபோது, இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படித்து ஒரே கடவுளை வேண்டின, இருவர் வேண்டுதலும் முழுதாகப் பலிக்கவில்லை என்ற பொருளில் பேசினார். அந்தப் பேச்சை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் அதைவிட, அதற்கு முந்தைய ஆகஸ்ட் 23-ஆம் தேதிக் காகிதத்தைப் பெரிதாக நினைக்கிறேன். போர் இழுத்துக்கொண்டிருந்தது, தேர்தலில் தோற்போம் என்றே நம்பினார். தோற்றால், புதியவர் பதவியேற்கும் வரை உள்ள நாட்களில் நாட்டைக் காக்க அவரோடு சேர்ந்து உழைப்பது தன் கடமை என்று எழுதி, மடித்து ஒட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று காட்டாமலே அமைச்சர்களிடம் முதுகில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தேர்தலை முன்னிட்டு ஒருவர் செய்யத்தக்க பிரார்த்தனை இதுதான் என்பேன். இதில் அடுத்தவன் மனசைத் தொடும் வேலையே இல்லை. செப்டம்பரில் அட்லாண்டா விழுந்தது, நவம்பரில் 212-க்கு 21 என்று ஜெயித்தார். அந்த 21-ல் எங்கள் நியூ ஜெர்சியின் 7 ஓட்டும் அடக்கம். தோற்றுப்போன ஜார்ஜ் மெக்லெல்லனை இந்த மாநிலம் பிறகு ஆளுநராகவே தேர்ந்தெடுத்தது.